உடைந்தது ஒரு மரம்தான்!

திண்டுக்கல்காரருக்குக் கடல் என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற சமாச்சாரம். ஆனால், மாட்டுவண்டிச் சக்கரம் நன்றாகவே தெரியும். ஓர் ஆரக்கால் உடைந்தால் யாரும் சக்கரத்தையே தூக்கிப் போட்டதில்லை. ஆசாரி இரும்புப் பட்டாவைக் கழற்றி, வட்டையைப் பிரித்து, உடைந்ததை மட்டும் உருவிவிட்டுப் புது ஆரக்காலைச் செருகுவார். பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால், இரும்பு சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிக்கொள்ளும். வண்டி கிளம்பிவிடும்!

இதே கணக்கைக் கடலில் போட்டவர்கள் நம் மீனவர்கள். கட்டுமரம் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஆணி கிடையாது. செதுக்கிய லேசான மரங்களை அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கலம் ரெடி. முக்கோணப் பாயை விரித்தால் காற்று இழுத்துக்கொண்டு போகும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஈரம் குடித்த மரம் கனத்துப் போய் மிதப்பு குறைந்துவிடுமே!

ஒரு மரம் பிளந்துவிட்டதா? அதை மட்டும் ஒதுக்கிவிட்டு, அதே வளைவில் வாச்சியால் செதுக்கின புது மரத்தைச் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான். சோழமண்டலக் கரையின் இந்தக் கட்டுமரத்தை, வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியான தன் பயண நூலில் எழுதிவைத்தார். அந்தச் சொல்தான் 'கட்டமரான்' என்று உலகம் சுற்றுகிறது.

மெட்ராஸில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போட்டன. அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. இதற்குப் பாய் இல்லை, துடுப்புதான். பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த படகு நொறுங்குகிற அலையில் இது வளைந்துகொடுக்கும். பலகை உடைந்தால் தையலைப் பிரித்து வேறு பலகை வைத்துத் தைப்பார்கள், கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போடுகிற மாதிரி!

2004 சுனாமி ஏராளமான கட்டுமரங்களைக் கொண்டுபோனது. நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன. வேகமானவை, மோட்டார் பூட்டலாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால், விரிசல் விட்டால் பிசினும் கண்ணாடியிழையும் கடையில் வாங்க வேண்டும். படகு கரையில் கிடக்கிற நாளெல்லாம் அடுப்பு எரிவது எப்படி என்ற கவலை வேறு.

நம்மூர் வண்டிக்கும் டயர் வந்தாச்சு. சௌகரியம்தான். ஆனால், உடைந்ததை மட்டும் மாற்றி மிச்சத்தைக் காப்பாற்றத் தெரிந்த கைகள் மறைந்துபோனால், அதை எந்தக் கடையில் வாங்குவது?