ஸ்டிக்கி பிட்

ஸ்டிக்கி பிட் என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் அடைவுகளுக்கு இடப்படும் ஒரு சிறப்பு அனுமதி ஆகும். அடைவு என்பது கோப்புப் பெயர்களின் பட்டியல். கோப்பை அழித்தல் என்பது அப்பட்டியலில் இருந்து ஒரு பெயரை நீக்குவதாகும். ஆகவே, அழிப்பதற்குக் கோப்பின் மீது எழுதும் அனுமதி தேவையில்லை. அடைவின் எழுதும், இயக்கும் அனுமதிகளே போதுமானவை. பலர் பகிரும் கணினியில், அனைவருக்கும் திறந்த (777) அடைவில் உள்ள ஒருவரது கோப்பை, அதைப் படிக்கவும் அனுமதியற்ற மற்றொருவர் அழித்துவிட இயலும்.

ஸ்டிக்கி பிட் இடப்பட்ட அடைவில் (1777) கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், ரூட் பயனர் ஆகியோர் மட்டுமே ஒரு கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியும். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இதற்கு எடுத்துக்காட்டாகும். இப்பயன்பாடு 1986 இல் வெளியான 4.3 பிஎஸ்டி பதிப்பில் அறிமுகமானது. கோப்பின் உள்ளடக்கத்தை இது காப்பதில்லை. அதற்குக் கோப்பின் சொந்த அனுமதிகளே பொறுப்பாகும்.