வால்தர் பிபிகே, பிபிகே/எஸ் கைத்துப்பாக்கிகள்

வால்தர் பிபிகே என்பது செருமனியின் கார்ல் வால்தர் நிறுவனம் 1931-இல் அறிமுகப்படுத்திய சிறிய கைத்துப்பாக்கி ஆகும். காவல்துறைக்காக 1929-இல் வெளியான பிபி துப்பாக்கியைச் சுருக்கி, சாதாரண உடையில் பணிபுரியும் துப்பறிவாளர்கள் மறைத்து எடுத்துச் செல்வதற்கு ஏற்ப இது உருவாக்கப்பட்டது. குழலும் கைப்பிடியும் குட்டையாயின. இதனால் 7.65 மி.மீ. வகையில் மேகசினில் அடங்கும் தோட்டாக்கள் 8-இலிருந்து 7 ஆகக் குறைந்தன.

மறைக்க உதவிய அதே சிற்றுருவம் பின்னர் அமெரிக்கச் சந்தையில் தடையானது. மார்ட்டின் லூதர் கிங், இராபர்ட் கென்னடி ஆகியோர் கொல்லப்பட்ட 1968-ஆம் ஆண்டில் அங்கு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. எளிதில் மறைக்கக்கூடிய மலிவான துப்பாக்கிகளின் வரவைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்கு அளவு, எடை, பாதுகாப்பு அமைப்பு முதலியவற்றின்படி மதிப்பெண் வழங்கப்பட்டது. அதில் பிபிகே தேறவில்லை.

எனவே வால்தர் நிறுவனம் பிபியின் உயரமான சட்டகத்தில் பிபிகேயின் குழலையும் மேற்பகுதியையும் பொருத்தி, பிபிகே/எஸ் என்ற புதிய வடிவத்தை உருவாக்கியது. நீளம் மாறவில்லை, உயரம் சில மில்லிமீட்டரும் எடை சிறிதளவும் கூடின. மேகசினில் ஒரு தோட்டாவும் கூடுதலாக அடங்கியது. சுடும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த மதிப்பெண் விதி இறக்குமதிக்கு மட்டுமே பொருந்தியது. ஆகவே 1980-களில் பழைய பிபிகே அமெரிக்காவிலேயே உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டு, தடையின்றி விற்பனைக்கு வந்தது.