கடைவாய்ப் புகையிலையும் எச்-ராஸ் புரதமும்: நெய்யூர் முதல் மதுரை வரை

திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரத்தில் வெற்றிலை பாக்கு மாற்றாமல் நிச்சயதார்த்தம் இல்லை. ஆனால் விருந்துக்கு வைக்கும் தாம்பூலம் வேறு, அன்றாடம் போடும் வெற்றிலை வேறு. காம்பைக் கிள்ளி, இலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவி, சீவல் வைத்து மடித்து மென்றபின் ஒரு துணுக்குப் புகையிலையைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். வயல்வேலைக்குப் போகிறவர்களும் சுமை தூக்குபவர்களும் பசி தெரியாமலிருக்க அதை நெடுநேரம் அப்படியே வைத்திருப்பதுண்டு. அடக்கிய கன்னத்தின் உட்புறத்திலேயே பலருக்குப் புற்றும் வருகிறது. அங்கே உயிரணுவுக்குள் என்ன நிகழ்கிறது என்பது விளங்க முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதில் ஒரு கண்ணி, திருப்பத்தூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள மதுரையில் கிடைத்தது.

முதல் பதிவுகள் நெய்யூரிலிருந்து வந்தவை. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் பென்டால், 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை 1908இல் வெளியிட்டார். வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று குறித்து ஆர் என்ற மருத்துவர் 1933இல் லான்செட் இதழில் எழுதினார். பழக்கத்துக்கும் நோய்க்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்த்தே சொன்னவர்கள் இவர்கள். எப்படி என்று சொல்ல அன்றைய அறிவியலில் கருவி இல்லை.

கருவி வந்த வழி விசித்திரமானது. 1964இல் ஜெனிஃபர் ஹார்வியும் 1967இல் வெர்னர் கிர்ஸ்டனும் எலிகளில் சதைப்புற்றை உண்டாக்கும் வைரஸ்களைக் கண்டார்கள். அவ்வைரஸ்கள் சுமந்த மரபணுக்களே எச்-ராஸ், கே-ராஸ் எனப் பெயர் பெற்றன. அவை உருவாக்கும் புரதம் குவனைன் நியூக்ளியோடைடுகளைப் பற்றிக்கொள்கிறது என்பதை 1979இல் எட்வர்ட் ஸ்கோல்னிக் குழு காட்டியது. இன்று சிறு ஜிடிபேஸ் என்று அழைக்கப்படும் பெருங்குடும்பத்தின் மூத்த பிள்ளை இந்தப் புரதம்தான்.

189 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய புரதம் இது. குவனோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பற்றியிருக்கும்போது 'வளர், பிரி' என்ற செய்தியை உயிரணுவின் உட்பகுதிக்கு அனுப்புகிறது. அதன் ஒரு பாஸ்பேட்டை வெட்டி டைபாஸ்பேட் ஆக்கியதும் செய்தி நின்றுவிடுகிறது. 12ஆம் இடத்து கிளைசினோ 61ஆம் இடத்து குளூட்டமினோ மாறிவிட்டால் அந்த வெட்டும் வேலை கெடுகிறது, செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றில் இப்படி மரபணுவின் ஒரே எழுத்து மாறியிருப்பதை 1982இல் பல குழுக்கள் கண்டன; இந்தியாவிலிருந்து சென்ற பிரேம்குமார் ரெட்டி அவற்றில் ஒன்றின் முதல் ஆசிரியர். அடுத்த ஆண்டே சரஸ்வதி சுகுமாரும் உடனுழைத்தோரும் நைட்ரோசோ சேர்மம் ஒன்றைக் கொடுத்து எலியின் மார்புப் புற்றில் எச்-ராஸின் 12ஆம் இடம் மாறுவதை நிறுவினார்கள். நமக்கு இது மிக முக்கியம். புகையிலையிலும், மெல்லும் பாக்கிலிருந்து வாய்க்குள் உருவாகும் பொருள்களிலும் இருப்பவை நைட்ரோசோ சேர்ம வகையைச் சேர்ந்த நைட்ரோசமின்கள்.

1991இல் மும்பையிலிருந்து ஒரு முடிவு வந்தது. புகையிலை மெல்வோரின் 57 வாய்ப்புற்றுக் கட்டிகளில் 20இல், அதாவது 35 விழுக்காட்டில், எச்-ராஸ் மாறியிருந்தது. மேலைநாட்டு நோயாளிகளிடம் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பின்பு 1998இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முனிராஜன், மோகனபிரசாத், சண்முகம் ஆகியோர் ஜப்பானின் நொபுவோ சுசிடாவுடன் சேர்ந்து, இந்திய வாய்ப்புற்றில் எச்-ராஸ் மாற்றம் ஒப்பளவில் மிகுதி என்பதை உறுதி செய்தார்கள். கூடவே 59ஆம் இடத்தில் ஓர் அரிய மாற்றத்தையும் கண்டார்கள். இயல்பான புரதத்தில் அவ்விடத்தில் அலனின் இருக்கும். ஹார்வி, கிர்ஸ்டன் வைரஸ்களின் புரதத்தில் திரியோனின். 1982இல் கிர்ஸ்டன் வைரஸின் ராஸ் மரபணு வரிசையைப் படித்துத் தந்தவர்களில் சுசிடாவும் ஒருவர். எலி வைரஸில் மாறியிருந்த அதே இடம், பதினாறு ஆண்டுகள் கழித்து நம் நாட்டு நோயாளியின் வாயில் மாறியிருந்ததை அவரும் சேர்ந்தே பதிவு செய்தார். ராஸ் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைத்த பக்கம் இது.

மும்பை ஆய்வின் 57 கட்டிகள் சிறிய எண்ணிக்கைதான். ஓர் இந்தியக் குழு 2013இல் ஈறு, கன்னப் புற்றுகளின் மரபணுக்களை விரிவாகப் படித்தபோதும் அடிக்கடி மாறும் மரபணுக்களின் வரிசையில் எச்-ராஸ் நின்றது. ஆகவே விழுக்காடு ஆய்வுக்கு ஆய்வு வேறுபடலாம், உண்மை அசையவில்லை.

ஆனால் உலகின் கவனமும் பணமும் கே-ராஸ் பக்கமே சென்றன. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோட்டோராசிப், நுரையீரல் புற்றில் கே-ராஸின் ஒரு குறிப்பிட்ட மாற்றத்துக்கான மருந்து. நம் வாய்ப்புற்றுக்கு அது உதவாது. எச்-ராஸின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஃபார்னெசில் என்ற கொழுப்புத்தொடர் ஒட்டினால்தான் அது உயிரணுச் சவ்வில் தங்கி வேலை செய்யும். கே-ராஸுக்கு அந்தத் தொடர் கிடைக்காவிட்டால் மாற்று உண்டு; எச்-ராஸுக்கு இல்லை. ஒட்டுவதைத் தடுக்கும் டிபிஃபார்னிப், கே-ராஸ் புற்றுகளில் தோற்றுக் கைவிடப்பட்ட மருந்து. எச்-ராஸ் மாறிய தலை, கழுத்துப் புற்றில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது, 2021இல் வெளியான ஆய்வில் மாற்றம் மிகுந்திருந்த 20 பேரில் 11 பேரின் கட்டி சுருங்கியது. அனுமதி பெற்ற மருந்தாக அது இன்னும் வரவில்லை. என்றாலும் இத்தகைய மருந்தால் பயன்பெறக்கூடியவர்கள் யார் என்ற கேள்விக்கு மும்பையும் மதுரையும் முன்பே விடை தந்துவிட்டன.

அந்த விடையைச் சிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டும். மதுரை, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாய்ப்புற்றுக்காக எடுக்கும் ஒவ்வொரு திசுவிலும் எச்-ராஸின் 12, 13, 61ஆம் இடங்களைச் சோதித்து, நோயாளியின் மெல்லும் பழக்கத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மருந்து வரும் நாளில் அது யாருக்கு என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் இன்றே அதை விட்டுவிடுங்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைப் படலம், வாயைத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.