மீனெண்ணெயும் பாரிசவாதமும்: ஒரு கருத்தின் வரலாறு

மருத்துவக் கருத்துக்களும் வரலாறு உடையன. அவை தோன்றிய சூழலையும் மாறிய விதத்தையும் ஆராயாது அவற்றின் பெறுமதியை மதிப்பிடல் இயலாது. மீனெண்ணெய் பாரிசவாதத்துக்கு நன்மை பயக்கும் என்னும் கருத்து இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1970 இல் டென்மார்க்கைச் சேர்ந்த பாங்க், டயர்பேர்க் ஆகியோர் கிறீன்லாந்து சென்று இனுயிற் மக்களின் குருதியை ஆராய்ந்தனர். கடலுணவிலுள்ள இ.பி.ஏ. என்னும் கொழுப்பமிலம் குருதியுறைவைக் குறைக்கலாம் என 1978 இல் அவர்கள் கருத்துரைத்தனர். ஆயின், உப்பர்நாவிக் பகுதியின் 1950–1974 காலப் பதிவுகளை ஆராய்ந்த குறோமன், கிறீன் என்போர் 1980 இல் வெளியிட்ட முடிவு சிந்தனைக்குரியது. டென்மார்க் மக்களோடு ஒப்பிடுகையில் 40 மாரடைப்புகள் எதிர்பார்க்கப்பட்டவிடத்து 3 மட்டுமே காணப்பட்டன. 15 பாரிசவாதங்கள் எதிர்பார்க்கப்பட்டவிடத்தோ 25 காணப்பட்டன. இதயத்துக்குக் கூறப்பட்ட நன்மையை மூளைக்கும் அவ்வாறே உரித்தாக்குதல் பொருந்தாது என்பதை இது உணர்த்திற்று.

பின்னர் ஆய்வின் நோக்கு குருதியுறைவிலிருந்து நிர்ப்பீடனத்தின்பாற் திரும்பியது. பாரிசவாதம் தாக்கியதும் மூளையில் உறையும் காவற் கலங்கள் கிளர்ந்தெழுகின்றன. வெண்குருதிக் கலங்களும் அங்கு புகுந்து அழற்சியைப் பெருக்குகின்றன. அதேவேளை உடலின் பொது நிர்ப்பீடனம் தளர்வதால் நியூமோனியா தொற்றும் அபாயம் மிகுகின்றது. கடல்சார் கொழுப்பமிலங்களிலிருந்து அழற்சியைத் தணிவிக்கும் பொருட்கள் உருவாவதைச் சேர்ஹன் குழுவினர் கண்டறிந்து, 2002 இல் அவற்றை றிசொல்வின்கள் எனப் பெயரிட்டனர். விலங்காய்வுகள் நம்பிக்கையூட்டின.

மனிதரிடத்தே முடிவுகள் ஒருமுகப்படவில்லை. 18,645 பேர் பங்குபற்றிய யப்பானிய ஆய்வில், முன்னர் பாரிசவாதம் கண்டோரிடையே மறுதாக்கம் இ.பி.ஏ. பெறாதோரில் 10.5 சதவீதமாகவும் பெற்றோரில் 6.8 சதவீதமாகவும் இருந்ததென 2008 இல் அறிவிக்கப்பட்டது. 25,871 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வோ, மீனெண்ணெய் பாரிசவாதத்தைத் தடுக்கவில்லை என 2018 இல் காட்டியது. தாக்கத்தின் பின் அளிக்கும் சிகிச்சைக்குப் போதிய சான்றில்லை என 2019 இல் கொக்றேன் மீளாய்வு முடிவுரைத்தது.

களுபோவிலவிலுள்ள கொழும்புத் தெற்குப் போதனா வைத்தியசாலைக்கு ஒருவர் கைகால் செயலிழந்து கொண்டுவரப்படும்போது இவ்வரலாறு வெறும் ஏட்டறிவாக இராது. அங்கு முதற்கண் வேண்டப்படுவது காலதாமதமற்ற சிகிச்சையே. சூடையும் சாளையும் நல்லுணவாகும். அவற்றை மருந்தெனக் கொள்வதற்கு இன்னும் சான்று வேண்டும். உறவினர் மீனெண்ணெய்க் குளிசைகளுக்குச் செலவிடும் பணம் நம்பிக்கையின் விலையாகலாம்; சிகிச்சையின் விலையாகாது.