குழாயும் அட்டவணையும்

கட்டளைவரியில் தரவை அட்டவணையாகக் கேட்டுப் பெறும் செருகுநிரல்கள் யூனிக்ஸ் மரபுக்கு எதிரானவை என்று சிலர் வாதிடுகிறார்கள். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 1964-இல் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய குறிப்பு, நிரல்களைத் தோட்டத்துக் குழாய்களைப்போல இணைக்க வழி வேண்டும் என்றுதான் கேட்டது. குழாயில் எது ஓட வேண்டும் என்பது அதன் கவலையே அல்ல. 1973-இல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் நிறைவேற்றியபோது ஓடியவை வெறும் பைட்டுகள். அவற்றைப் பிரித்துப் பொருள் காண்பது வாங்கும் நிரலின் தலையில் விழுந்தது. அந்தச் சுமையை உணர்ந்துதான் 1977-இல் வந்த ஆக் மொழி ஒவ்வொரு வரியையும் புலங்களாகப் பிரித்துக் கொடுத்தது. வடிவமுள்ள தரவுக்கான தேடல் யூனிக்ஸுக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

வெற்று எழுத்தை எந்த நிரலும் படிக்கும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் கோப்புப் பெயரில் ஓர் இடைவெளி வந்தாலே எத்தனை ஸ்கிரிப்டுகள் உடைகின்றன! 2002-இல் மைக்ரோசாஃப்டின் ஜெஃப்ரி ஸ்னோவர் எழுத்துக்குப் பதிலாக ஆப்ஜெக்டுகளையே அனுப்பலாம் என்றார். 2006-இல் அது பவர்ஷெல்லாக வந்தது. தரவை அட்டவணையாகவே கையாளும், 2019-இல் அறிமுகமான கட்டளைவரி ஷெல்லான நுஷெல்லிலோ செருகுநிரல் ஒரு தனி நிரல். அதைப் பல மொழிகளில் எழுதலாம். தொடக்கத்தில் அது ஷெல்லோடு பேசியது நிலையான உள்ளீடு, வெளியீடு வழியே, ஜேசான் வடிவில். மரபு முறியவில்லை, வளர்ந்திருக்கிறது.