மண்மேட்டுக்குக் காவல் யார்?

ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்துப் பட்டரைப்பெரும்புதூர். அங்கே ஆனைமேடு, நத்தமேடு என மண்மேடுகள். வழிப்போக்கன் கண்ணுக்கு அவை வெறும் மண். வரலாற்றின் கண்ணுக்கோ, முன்னோர் வாழ்ந்த ஊர்! 2015-16இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகளும், தமிழி பொறித்த பானை ஓடுகளும், சுடுமண் உறைகிணறும் வெளிப்பட்டன.

தோழர்களே, அயர்லாந்தைப் பாருங்கள்! ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்நாட்டு உழவர் வட்டமாய் அகழி வெட்டி, அம்மண்ணையே கரையாய் எழுப்பி, உள்ளே குடிசையமைத்து வாழ்ந்தனர். அத்தகைய வட்டக் குடியிருப்புகள் 40,000க்கும் மேல். பிற்கால உழவர் அவற்றில் ஏரோட்ட அஞ்சினர். ஏன்? வரலாற்றுப் பற்றா? இல்லை! அவை மாயத் தேவதைகளின் இருப்பிடம் என்ற மூடநம்பிக்கை!

அச்சம் காத்தது உண்மை. ஆனால் அச்சம் தளர்ந்து, மண்வாரும் இயந்திரம் நுழைந்ததும் பல மேடுகள் தரைமட்டமாயின. 1930இல் இயற்றிய தொல்சின்னச் சட்டம் இருந்தும் அந்த அழிவு நிற்கவில்லை.

இங்கும் 1966 முதல் சட்டம் இருக்கிறது. ஏட்டிலுள்ள சட்டம், மேட்டில் மண் அள்ளும் கையைத் தானாகத் தடுத்துவிடுமா? ஊரார் அறிந்தால்தானே தடுப்பர்!

பேயச்சத்தை விரட்டப் புறப்பட்டவர் நாம். அந்த அச்சம் நின்ற இடத்தில் அறிவைக் காவல் நிறுத்துவதும் நம் கடமையே. உங்கள் ஊர் மேட்டில் ஓர் ஓடு கிடைத்தால், எறியாதீர், என்னவென்று கேளுங்கள்!