பொம்மை வைத்த பரீட்சை

சீனாவில் சோங் வம்ச ஆட்சியின்போது, 1027-இல், ஆளுயர வெண்கல மனித உருவங்கள் இரண்டு வார்க்கப்பட்டன. அக்குபஞ்சர் ஊசி குத்தும் புள்ளிகள் ஏட்டுக்கு ஏடு மாறிக் கிடந்த காலம் அது. வாங் வெய்யி என்ற அரண்மனை மருத்துவர் அவற்றை ஒழுங்குபடுத்தி நூலாக்கினார், கல்லில் பொறிக்கச் செய்தார், பிறகு வெண்கல உடலிலும் துளைகளாக இடச் செய்தார். பரீட்சைக்கு முன் உருவத்தின் மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்துவிடுவார்கள். உள்ளே தண்ணீர் நிற்கும். பாதரசம் என்று சொல்வோரும் உண்டு. மாணவன் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி வெண்கலத்தில் முட்டி நிற்கும். தீர்ப்புக்கு ஆசிரியரின் தயவு வேண்டியதில்லை.

பிரான்சில் ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி செய்த பொம்மை வேறு வகை. பிரசவத்தில் தாயும் சேயும் சாவதைக் குறைக்க, 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு நாடெங்கும் சென்று கற்பிக்கும் ஆணை வழங்கினார். கற்க வந்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள். பொம்மை என்பது துணி, தோல், பஞ்சு கொண்டு தைத்த இடுப்பும் வயிறும். அதற்குள் தொப்புள்கொடியோடு துணிக் குழந்தை. பிறப்புப் பாதை விரிவதைக் காட்ட வார்கள் இருந்தன. பின்னாளில் பனிக்குட நீரையும் ரத்தத்தையும் காட்டக் கடற்பஞ்சுகளும் சேர்ந்தன. ரூவான் நகர அருங்காட்சியகத்தில் ஒரு பொம்மை இன்றும் இருக்கிறது. ஆனால் இது தானாக மதிப்பெண் போடாது. பிழையைக் கண்டு திருத்தக் கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது பொம்மையை ஒப்படைத்துச் செல்ல, உள்ளூர் அறுவை மருத்துவர்களுக்கும் து கூத்ரே தனியே பயிற்சி கொடுத்தார். பொம்மையைவிட அதைக் கையாள்பவரின் தகுதியே பெரிது என்பது அவருக்கு அப்போதே பிடிபட்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டு அதைக் கொஞ்சம் மறந்து கருவிகளின் பக்கம் சாய்ந்தது. நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960-இல் உயிர்மீட்புப் பயிற்சிக்கான 'ஆன்' பொம்மையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1967-இல் கணினியால் இயங்கும் 'சிம் ஒன்' அறிமுகமானது. இவற்றுக்கு நடுவே, 1963-இல், ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் மாணவர் பயிற்சிக்காக நலமான ஒருவரையே நோயாளியாக நடிக்க வைத்தார். ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும் சிக்கலுக்கு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் ஒரு வழி சொன்னார். வரிசையாகப் பல மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பணி, சில நிமிடம். பார்ப்பவர் கையில் முன்கூட்டியே எழுதிய சரிபார்ப்புப் பட்டியல். மெழுகுக்கு அடியில் இருந்த துளைகள் காகிதத்துக்கு வந்துவிட்டன.

பயிற்றுவிப்பவருக்கான எழுத்து விதிகள் வரத்தான் தாமதம். செவிலியர் கல்வியாளர்களின் சர்வதேசச் சங்கம் ஒன்று 2011-இல் இத்தகைய பயிற்சிக்கு ஏழு தரநிலைகளை வெளியிட்டது. குறிக்கோள், நடத்துபவரின் தகுதி, மதிப்பீடு ஆகியவற்றோடு, பயிற்சி முடிந்ததும் மாணவரோடு உட்கார்ந்து நடந்ததை அலசுவதும் அதில் தனித் தரநிலையாக இடம்பெற்றது. நோயாளியாக நடிப்பவர்களுக்கான தரநிலைகள் 2017-இல் வந்தன. அவற்றின் முதல் பகுதி மாணவரைப் பற்றியதல்ல; நடிப்பவரின் பாதுகாப்பைப் பற்றியது. தனக்கு ஒவ்வாத வேடத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.